மூன்றாம் வாரம், மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் கூண்டு ஏறி இன்றோடு எட்டு நாள்.
டோக்கன் இல்லை.
வல்லங்கள் வயிறு தெரிய மணலில் கிடக்கின்றன.
வாடை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது,
தர்ப்பூசணி வாங்க வந்தவன் போல.

தங்கச்சிமடம் கோயிலில்
சவுக்குத் தழை வளையத்தில் இன்று மூன்றாவது திரி.
ரோஸ் மெழுகுவர்த்தி ராமநாதபுரம் கடைகளிலும் இல்லையாம்.
உபதேசியார் மகள் பிரிஜித்தா
வெள்ளை மெழுகை உருக்கி
உதட்டுச் சாயம் கலந்து வார்த்திருக்கிறாள்.
காற்றுக்குப் பயந்து
அறுத்த தண்ணீர் பாட்டிலுக்குள் அது நிற்கிறது.

இது மகிழ்ச்சி ஞாயிறு என்றார் சாமியார்.
எனக்கு எரிச்சல் வந்தது.
மகிழ்ச்சி என்ன ரேஷன் அரிசியா,
இந்த வாரம் போடுகிறோம் என்று சொல்ல?

எனக்குள் பதினோரு கிலோ கணவாய் கிடந்தது.
ஆடியில் இன்னாசி காய்ச்சலில் படுத்திருந்தபோது
அவன் பங்குக்கு வந்ததை
நான் சத்தமில்லாமல் விற்றது.
நாலாயிரத்து நானூறு.
மகளின் பள்ளிக் கட்டணம் என்று
எனக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன்.
கணவாய் மை சும்மா விடுமா?
தண்ணீர் கண்ட இடமெல்லாம் கறுத்தது,
தீர்த்தத் தொட்டியில் விரல் வைத்தாலும்.

பூசை முடிந்து மழை.
கடன் வாங்கிய பணத்தோடு போனேன்.
ஒழுகும் கொட்டகையில் வலைக்கு நடுவே இருந்தான்.
சொன்னேன். பாதியில் தொண்டை அடைத்தது.

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்.
ஏலக்கடை சவேரியான் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

பதில் இல்லை. பல்லால் நூலைக் கடித்தான்.
"அந்தக் காசை வாங்குனவன்கிட்டயே கொண்டுபோய்க் குடு,
வட்டி ஏறும். வா, இந்த ஓரத்தைப் பிடி."

நாலு மாதம்.
விடியும் முன்பே கரை விட்ட நாள்களிலெல்லாம்
பிளாஸ்க் மூடியில் முதல் தேநீரை
எனக்குத்தான் ஊற்றித் தந்திருக்கிறான்,
தெரிந்தே.

வருவார் வருவார் என்று
நாங்கள் திரி எண்ணிக்கொண்டிருக்க,
அவர் ஆடியிலிருந்தே
எங்கள் வல்லத்து அணியத்தில்
கால் நனைத்து உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

சிரிப்பு வந்தது எனக்கு.
அழுகை என்று நினைத்துத்தான் வாயைப் பொத்தினேன்,
சிரிப்பாக இருந்தது.
"என்னடா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன்.
உண்மையிலேயே ஒன்றும் கொடுக்கவில்லை நான்.

கூண்டு இன்னும் இறங்கவில்லை.
அறுந்த கண்ணிகளை எண்ணிக்கொண்டே வந்தோம்,
எழுபதில் கணக்குத் தவறியது.
"விடு," என்றான்.
சரி. மறுபடி ஒன்று.