குப்பைத்தொட்டி வழியாக

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இரும்புக் கால்களைத் தாண்டி
பேருந்துச் சத்தம் ஏறிவரும் மாடி.
இரண்டு கணினி எனக்கு.
ஒன்றில் பில் அடிப்பேன்.
மற்றது பழைய மேக்.
அதில் முகங்களுக்கு வெளிச்சம் பூசுவேன்.

அருமனையிலிருந்து ஸ்டெல்லாபாய் வந்திருந்தாள்.
நகக்கண்ணில் காய்ந்த ரப்பர் பால்.
கைலேஞ்சியில் முட்டையைப் போலச் சுற்றிய ஹார்டு டிஸ்க்.
"மவனுக்கு நிச்சயம் வருது.
சுவரில மாட்ட ஒரு படம் வேணும், கெட்டுப் படத்தில இருந்து.
என்னைய மட்டும் எடுத்தாப் போதும் சாரே."

கேசட்டிலிருந்து யாரோ ஏற்றிக் கொடுத்த கல்யாணம்.
தொண்ணூற்றேழு, சர்ச் வாசல், மழை.
குடை பிடித்தவர் படத்துக்கு வெளியே நிற்க
குடை மட்டும் உள்ளே.
அவர் தோளும் அவள் தோளும் ஒட்டிக் கிடந்தன.
பிரிக்க நாற்பது நிமிடம்.
ஆளை எடுத்த பின்னும்
அவள் இடுப்புச் சேலைமேல்
ஒரு கை மிச்சம் இருந்தது.
இதை என்ன செய்ய, கேட்டேன்.
"பூ வச்சு மறைச்சிடும்."

வேலை முடிந்து டிஸ்கைக் கழற்றப் போனேன்.
அதன் சின்னத்தைப் பிடித்துக்
குப்பைத்தொட்டிப் பக்கம் இழுத்தேன்.
அப்படித்தான் இந்த இயந்திரத்தில்:
பத்திரமாகக் கழற்ற வேண்டியதைக்
குப்பையில் போட வேண்டும்.
யாரோ ஒருவருக்கு ஒருநாள் அது சரியாகப் பட்டிருக்கிறது.
முதல் மாதம் எனக்கும் கை நடுங்கியது.
பிறகு நடுங்கியதே மறந்துபோனது.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
பால்வெட்டுக் கத்தி பழகிய பிடி.
"ஐயோ, அதிலதான் எல்லாம் கிடக்கு!
எங்கம்மை கிடக்கு, அந்த மழை கிடக்கு,
அந்த மனுசனும் கிடக்கட்டு, உமக்கென்ன!"

போடுவதில்லை, விடுவிப்பது என்றேன்.
நம்பவில்லை.
பக்கத்துக் கணினியைக் காட்டினேன்:
இதை அணைக்க வேண்டுமென்றால்
'தொடங்கு' என்பதைத்தான் முதலில் அழுத்தணும்.
போன வாரம் ஒரு பெட்டி குதித்து வந்து கேட்டது,
'ரத்து செய்யவா?'
கீழே இரண்டு பொத்தான்.
சரி. ரத்து.
நான் டீ குடிக்கப் போய்விட்டேன்,
திரும்பி வரும்போதும் அது கேட்டுக்கொண்டே நின்றது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"இதென்ன பெரிய புதினமா சாரே.
தம்மாமுக்குப் போறப்ப அந்த மனுசன் நடையில நின்னு
'வாறேன் பிள்ளே'ன்னுதான் சொன்னாரு.
போறேன்னு சொல்லியிருந்தா
கதவ அன்னைக்கே சாத்தியிருப்பேன்."

மின்விசிறி சுற்றியது.
கீழே களியக்காவிளை பஸ்காரன் ஊர்ப்பெயரை ஒரே மூச்சில் விழுங்கினான்.

தொட்டி வேண்டாமென்றால் இன்னொரு வழி உண்டு,
மெனுவில் ஒரு சொல் இருக்கிறது, அதை அழுத்தினாலும் கழன்றுவிடும்
என்று திறந்து காட்டினேன்.
"என்னதான் எழுதியிருக்கு?"
'வெளியேற்று' என்றேன்.
அவள் அந்தச் சொல்லை
எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள்.
வெளி. ஏற்று.
"இதுக்கு அந்தத் தொட்டியே மேல்" என்றாள்.

மவுஸை அவள் கையில் கொடுத்தேன்.
இரண்டு தரம் வழுக்கியது.
மூன்றாம் தரம்
அம்மையையும் மழையையும் ஆள் தெரியாத குடையையும்
மெல்ல இழுத்துக்கொண்டுபோய்
தொட்டிமேல் வைத்து
கண்ணை மூடிக்கொண்டு விரலை எடுத்தாள்.

டிஸ்க் சூடாக இருந்தது.
சுற்றிக்கொண்டு, மறுபடி அவிழ்த்துப் பார்த்து, சுற்றினாள்.

படியில் நின்று
"வா" என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.
"சரி" என்றாள்.
அந்தப் பெட்டியில் இருந்த அதே சரி.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு அச்சு வந்தது.
பூ கொஞ்சம் பெரிதாகிவிட்டது.