இரண்டு உயிர், மூன்று மெய்

என் வேலை எளிது.
யாராவது சந்தேகப்பட்டுக் கையைத் தூக்கினால்
சொல்லை வாங்கிக் கணினியில் தட்டுவேன்.
பச்சை வந்தால் உண்டு. சிவப்பு வந்தால் இல்லை.
பொருள் என்னவென்று அது சொல்லாது.
யாரும் கேட்பதும் இல்லை.

வாரி நகரம். எஃபுருன் சந்திப்புக்குப் பின்னால்
ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய ஆய்வகம்.
வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கும்.
சனிக்கிழமைதோறும் முப்பது பேர்
துணிப்பைக்குள் கைவிட்டு எழுத்துகளைத் துழாவுவார்கள்,
மீன்காரியிடம் செவுள் பார்ப்பதுபோல் அவ்வளவு கவனமாக.

ஒனோரியோடே மட்டும் கேட்டான்.
வெல்டிங் பட்டறைக்காரன்.
கேட் செய்ய வந்த இரும்புத் தகட்டில்
சாக்கட்டியால் எழுதி மனப்பாடம் செய்பவன்:
ஐந்தெழுத்து, ஜே உள்ளவை.
ஐந்தெழுத்து, யூ இல்லாமல் க்யூ மட்டும் உள்ளவை.
ஐந்தெழுத்து, உயிர் நான்கு, மெய் ஒன்று:
கை முழுக்க உயிராகிப் போன நேரத்தில்
கழித்துக்கட்டத் தோதானவை.
தகடு கேட்டாகி யார் வீட்டுக்கோ போய்விடும்.
பெயிண்டுக்கு அடியில் நின்று
எழுத்துகள் காவல் காக்கின்றன என்பான்,
சிரிக்காமல்.

"மேடம், ஏ, ஜே, டபிள்யூ, ஏ, என்.
அஜ்வான். இது என்ன, மிருகமா?"

தடித்த அகராதியைத் தேடி எடுத்தேன்.
ஓமம். ஒரு விதை.
இந்தியாவில் வயிறு உப்பினால் மென்று தின்பார்களாம்.
விழுந்து விழுந்து சிரித்தான்.
எத்தனை பேரை இதை வைத்துத் தோற்கடித்திருக்கிறேன்,
வயிற்று மருந்தா!

"அப்போ இதே ஐந்தைக் கலைத்துப் போட்டால்
ஜவான் வருமே, அது?"

சிப்பாய் என்றேன். சின்ன வயசுச் சிப்பாய்.

தம்பி மைடுகுரிக்குப் போய்ப் பதினொரு மாதம்.
போன் வந்து எட்டு வாரம்.
இதெல்லாம் எனக்குப் பிறகு வேறொருவர் சொன்னது.
அன்றைக்கு அவன் சொன்னது இவ்வளவுதான்:
எஃபெமெனா என்று எழுதினால் ஏழெழுத்து, மேடம்.
கையிலிருப்பது மொத்தமும் தீரும்,
ஐம்பது புள்ளி சும்மா கிடைக்கும்.
ஆனால் ஆள் பெயர் செல்லாதே.

அரையிறுதி.
எதிரே எபியெரெ, வரி அலுவலகத்துக்காரி,
வேர்க்கடலைத் தோலை ஊதி ஊதித் தின்பவள்.
பலகையின் கடைசி வரிசையில்
ஓர் ஏ தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் சிவப்புக் கட்டம், மும்மடங்கு.
நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
அவன் கையில் ஜே, டபிள்யூ, ஏ, என்.

வலப்பக்கம் ஓடவிட்டால் சிப்பாய். நாற்பத்தெட்டு.
இடமிருந்து இழுத்து வந்தால் ஓமம். நாற்பத்தைந்து.
யோசிக்க ஒன்றுமில்லை.

ஜேயை எடுத்துச் சிவப்பின்மேல் வைத்தான்.
விரலை எடுக்கவில்லை.
கடிகாரம் அவன் நேரத்தைத் தின்றது,
ஒரு நிமிடம், இன்னும் கொஞ்சம்.
எபியெரெ கடலை மெல்லுவதை நிறுத்தினாள்.

பிறகு ஜேயை
ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினான்.
அதற்கும் முன்னால் ஏ.
சிவப்பில் டபிள்யூ போய் உட்கார்ந்தது.
கடிகாரத்தைத் தட்டினான்.

இரண்டு புள்ளியில் தோற்றான்.

அவள் கை குலுக்கியபடி கேட்டாள்,
ஜவான் கண்ணில் படவில்லையா உனக்கு?
படவில்லை என்றான்.
எழுத்துகளைப் பைக்குள் எண்ணிப் போட்டான், நூறும் சரி.
போகும்போது என்னிடம்,
லாகோஸில் அந்த விதை கிடைக்குமா என்று கேட்டான்.
கிடைக்கலாம் என்றேன். எனக்குத் தெரியாது.

நாற்காலிகளை அடுக்கி,
பையனுக்கு டீசல் காசு கொடுத்து அனுப்பிய பிறகும்
கணினியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது.
தட்டினேன். ஏழெழுத்து.
உயிர் நான்கு, மெய் மூன்று.

சிவப்பு.

அதற்குப் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான்
என்று வாய்விட்டே சொன்னேன்,
யாருமில்லாத அறையில்,
மூடியைச் சாத்துவதற்கு முன்.