நாலாயிரம் ஹேர்ட்ஸ்

வங்கிப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம்
ஒரு விரல் நீளம்.
நாலு வருஷக் கம்பஸை அதற்குள்
மடித்து வைக்க முடியவில்லை.

எங்கள் பச்சில் பதினொரு பேர்.
நிரோஷன் கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில்
சூப்புக்கும் மீனுக்கும் இடையில் வாசிக்கிறான்.
வதனாவுக்குப் பதுளையில் ஆசிரியர் நியமனம்;
பள்ளிக்கூட ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை ஊமை.
ஃபஸ்லியா பிஸ்கட் விளம்பரத்துக்கு
ஏழு செக்கனில் மெட்டுப் போடுகிறாள்.
கார் வாங்கியது அவள் மட்டும்தான்.
மற்றவர்களைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும்.

நான் பம்பலப்பிட்டியில்,
காலி வீதி இரைச்சல் நுழையாத பெட்டியறையில்
காது பரிசோதிக்கிறேன்.
வயலினுக்கு மேல் ஒரு டிப்ளோமா.

இன்று மரியதாசன் வந்தார்.
முப்பது வருஷம் நூறாம் இலக்க பஸ் ஓட்டியவர்.
நாலாயிரம் ஹேர்ட்ஸில்
ஜன்னல் பக்கத்து வலது காது
வெறும் சுவர்.
“சத்தம் வந்தாக் கையைத் தூக்குங்கோ” என்றேன்.
கை மடியிலேயே கிடந்தது.

“பிள்ளை என்ன படிச்சனீங்கள்?”
“வயலின்.”
“அப்ப என்ர ஹோர்ண் என்ன சுரம் எண்டு சொல்லுங்கோ”
என்று தொண்டைக்குள் இழுத்துக் காட்டினார்,
பாணந்துறையில் இருந்து புறக்கோட்டை வரைக்கும்.

காந்தாரம், கொஞ்சம் சரிந்த காந்தாரம்.
குமிழைத் திருகித் திருகித்
தாழ்ந்த பக்கத்தில் தேடிப் பிடித்து அனுப்பினேன்.

கண்ணாடிக்கு அப்பால்
இரண்டு கையும் உயர்ந்தன.

படிவம் இன்னும் பைக்குள் கிடக்கிறது.