ஐந்து மில்லிமீட்டர்

பஹாவ், டயர் கடை மாடி.
ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி.
பிங்பாங் மேசைகள் இரண்டை நீளவாக்கில் ஒட்டிப் போட்டு
வலைகளைப் பிடுங்கிவிட்டு
கிழிந்த டியூபில் பாலம் கட்டியிருக்கிறான் சூன் லியோங்.
ஜன்னல் கம்பியில் கோப்பி ஓ பொட்டலங்கள்
ஆளுக்கொன்று தொங்குகின்றன.

ஐந்து பேர். மூன்று அளவு.
சூன் லியோங்குக்கு நாற்பத்தெட்டில் ஒன்று.
கை நிறையாத எஞ்சின் என்ன எஞ்சின் என்பான்.
பல் ஆஸ்பத்திரி குலவீரசிங்கத்துக்கு நூற்றறுபதில் ஒன்று.
எட்டுப் பெட்டி ரயிலைச்
சோற்றுக் கேரியரில் அடுக்கிக் கொண்டுவருவார்.
மரியதாஸ், ரொஸ்லான், நான்: எண்பத்தேழில் ஒன்று.
ஒருவர் வண்டி இன்னோர் அளவுத் தண்டவாளத்தில் ஏறாது.
அதனால்தான் சண்டையில்லாமல் இருக்கிறோம்
என்கிறான் மரியதாஸ்.

செம்பனை ஆலையில் நான் எடைமேடைக் கிளார்க்.
லோரி ஏறும், எண் எழும்பும், சீட்டைக் கிழிப்பேன்.
இருபது கிலோ முன்பின் ஆனால்
மேடை கண்டுகொள்ளாது. நானும்.

ரொஸ்லான் அப்படியில்லை.
ஆறு நாள் அசல் ரயில் ஓட்டிவிட்டு
ஏழாம் நாள் இங்கே வந்து
பொம்மை ரயிலுக்கும் வளைவு வருமுன்னே வேகம் குறைப்பவன்.
முதல் நாளே அளவுகோலை வைத்தான்.
நம் தண்டவாளம் சரியாக ஒரு மீட்டர்.
எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை.
பெட்டியில் வந்தது பதினாறரை.
"அஞ்சு மில்லிமீட்டர் பொய்" என்றான்,
எஸ்டேட் பந்துத் திடலில் பொறுக்கிய தமிழில்.

அன்றிலிருந்து
கெமாஸிலிருந்து சிமெண்டு ஏற்றிவரும் எங்கள் சரக்கு வண்டி
அந்தப் பொய்யின் மேல்தான் வருகிறது.
நேரத்துக்கு வந்துவிடுகிறது.

ஜெர்மனியிலிருந்து மனிதர்கள் வந்தார்கள்,
ஒரு பொட்டலத்தில் நூறு பேர்.
அத்தனை பேருக்கும் கம்பளிக் கோட்டு.
கழற்ற முடியாது, உடம்போடு சேர்த்து வார்த்தது.
(அந்தக் கணக்கில் என் உயரம் பதினேழரை மில்லிமீட்டர்,
கொண்டையோடு பதினெட்டு.)
முகங்களுக்கு மாநிறம் அடித்தேன்.
ஒருவன் கையில் பனிச்சறுக்குக் கட்டை.
நுனியை வளைத்தேன்,
குலை அறுக்கும் அரிவாளானது.
லோரியோடு வரும் ஷோஹாக்குக்குப் போட்டோ காட்டி
இது நீதான் என்றேன்.
உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
எனக்கு ஏன் அக்கா இவ்வளவு குளிருது?

போன மாதம் மரியதாஸ் ஒன்று கண்டுபிடித்தான்.
பெரியதை முன்னால் ஓட்டு, நம்முடையதை நடுவில்,
ஆகச் சின்னதைக் கடைசியில்.
நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்
பின்னால் ஒரு ரயில் எங்கோ மலையடிவாரத்தில் போகிறது.
காசில்லாமல் கிடைத்த தூரம்.
எல்லாரும் கைதட்டினோம்.
குலவீரசிங்கம் தட்டவில்லை.
"என் வண்டி தூரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது"
என்று நாற்காலியைத் தூக்கிப்போய்
மேசைக்கு அந்தப்புறம் போட்டுக்கொண்டார்.
இன்னும் அங்கேதான் உட்காருகிறார்.

மூன்று இருபது.
கடைவரிசைக்குப் பின்னால் அசல் வண்டி.
கோப்பி ஆடுகிறது, பாலம் ஆடுகிறது,
குழாய்ப் பிரஷில் செய்த செம்பனைகள்
ஒரே பக்கம் சாய்கின்றன.
திரும்பிப் பார்க்காமலே ரொஸ்லான் சொல்கிறான்:
ரெண்டு எஞ்சின். பின்னது சரியில்லை.

அரிவாள்காரன் விழுந்தான்,
தண்டவாளத்துக்குக் குறுக்கே, கோட்டோடு.
என் கை போவதற்குள் வண்டி நின்றிருந்தது,
அவனுக்கு நான்கு விரற்கடை தள்ளி.
ரொஸ்லான் திருகியை விடவில்லை.
"வெளியே இப்படி நிக்காது" என்றான்.
"அறுநூறு மீட்டர் வேணும் எனக்கு."

யாரும் கோப்பியை உறிஞ்சவில்லை.
நான் வகுத்துப் பார்த்தேன், பழக்கம்.
ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

எங்கள் மேசை ஐந்தரை.