பதினெட்டு கிராம்

காலை ஆறே காலுக்குத் தராசை எழுப்புகிறேன்.
ரிம்கௌதாஸ் விட்டுப்போன தராசு.
விவாகரத்தில் அவனுக்குப் படகு,
எனக்குத் தராசும் பூனையும்.
ரை மாவு நிறுத்த தட்டில்
இப்போது நிறுப்பது
தகர டப்பாவிலிருந்து வரும்
சாம்பல் நிறக் கூழ்.

பிபிராஸ் என்றால் எங்கள் மொழியில் மிளகு.
பதின்மூன்று வயது மிளகு,
காரம் மட்டும் குறையவில்லை.

மூன்று நோய்கள்,
ஒரே அடுப்படியில் மூன்று மாமியார்கள்.
புரதத்தைக் குறை என்கிறது சிறுநீரகம்.
புரதத்தை மட்டும் கொடு என்கிறது சர்க்கரை.
கணையம் அதிகம் பேசுவதில்லை,
கொழுப்பின் வாடை வந்தால்
ராத்திரி முழுக்க வாந்தியெடுக்க வைக்கும்.

மருத்துவர் உக்னே தாளில்
மூன்று வட்டம் வரைந்தாள்.
மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப்
பேனாவால் கருப்பாக்கினாள்.
"இவனுடைய சாப்பாடு இதற்குள் இருக்கிறது."
என் சுண்டுவிரல் நகம் அளவு.
அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில்,
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

காது நுனியில் ஒரு குத்து,
ஒரு சொட்டு ரத்தம், ஓர் எண்.
பிறகு கூழ். பிறகு தோளில் ஊசி.
பன்னிரண்டு மணி நேரம் கழித்து
மறுபடி எல்லாம்.
ஸ்மில்தினே படகுத்துறையில் சீட்டு விற்கிறேன்.
கிளாய்பெடாவில் பனிமூட்டம் இறங்கிப்
படகு தாமதமாகும் நாளெல்லாம்
என் பிறந்தநாளையே மறந்த நான்
ஆறரை மணியை மறப்பதில்லை.
வீட்டுக்கு வந்ததும் சட்டைக்கையை முகர்வான்,
பத்திரிகை படிப்பவன் மாதிரி,
வரி வரியாக:
யார் மீன் வாங்கினார்கள், என்ன மீன்,
ஏன் தனக்கில்லை.

நவம்பரில் எண் ஏறியது.
ஒன்பதாக இருந்தது இருபத்திரண்டு.
கூழை மாற்றினேன். ஊசியைச் சந்தேகித்தேன்.
என்னையும்.
பிறகு மாடிப்படியில்
அவன் மீசையில் பால் பார்த்தேன்.

கீழ்வீட்டு வைதோதாஸ், கப்பல் தளத்தில் வெல்டர்.
கதவைத் திறந்தான்,
பின்னால் தரையில் ஒரு சாசர்,
பாலில் ஊறிய ரொட்டி.
"பசிக்கிறதென்று அழுதான், அக்கா."
மூன்று தளங்களுக்கும் கேட்கும்படி கத்தினேன்.
வட்டங்களைப் பற்றிக் கத்தினேன்,
பிரின்ஸுலின் என்று நாக்கு குழறியும் நிறுத்தவில்லை.
அவன் சாசரை எடுத்து
நான் பார்க்கவே கழுவிக் கவிழ்த்தான்.

எண் இறங்கியது.
நான் ஜெயித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரியில் பிபிராஸ் சாப்பிடுவதை நிறுத்தினான்.
முதல் நாள் தட்டை முகர்ந்தான்.
இரண்டாம் நாள் தட்டுக்கு முதுகைக் காட்டினான்.
சூடாக்கினேன். விரலில் தடவினேன்.
நாற்பத்தாறு கிராம் வைத்தேன்,
நாற்பத்தாறு கிராம் திரும்ப எடுத்தேன்.

உக்னே போனில் சொன்னாள்:
"வட்டங்களை விடுங்கள்.
பூனை பட்டினி கிடப்பதுதான் இப்போது பெரிய நோய்.
எதைத் தின்பானோ அதைக் கொடுங்கள்.
தின்ற பிறகு பாதி ஊசி."

எதைத் தின்பான்?
நான்கு வருடமாக அவனிடம்
அதைத்தவிர எல்லாம் கேட்டிருக்கிறேன்.

இரவு பத்துக்குக் கீழே இறங்கிக்
கதவைத் தட்டினேன்.
எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல்
"பால் இருக்கிறதா" என்றேன்.
பால் இல்லை. புகையூட்டிய மீன் இருந்தது.
அதை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் மேலே வந்தான்.

உப்பு போக வெந்நீரில் மூன்று முறை அலசினான்.
தீப்பொறி சுட்ட விரல்களால்
விளக்கடியில் முள் எடுத்தான்,
மயிரிழை முள்கூட விடாமல்.
இருவரும் சமையலறைத் தரையில்.
யாரும் அன்றைக்குக் கத்தியதைப் பேசவில்லை.

பிபிராஸ் ஒரு கண்ணைத் திறந்தான்.
பிறகு நாக்கை.
வைதோதாஸின் கட்டைவிரலைத்தான் முதலில் நக்கினான்,
எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

மிச்சத்தை நிறுத்துக் கழித்துப் பார்த்தேன்.
நோட்டில் எழுதினேன்: பதினெட்டு கிராம்.
'எந்த உணவு' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

"மீன் என்று எழுதுங்கள், அக்கா,"
வைதோதாஸ் கைகழுவிக்கொண்டே சொன்னான்,
"திட்டுவாளா டாக்டர்?"

ஊசியைப் பாதி வரை இழுத்தேன்.