நாற்பது ரூபாய் பாக்கி

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு.
ஆயரின் கடிதத்தை வேறு பங்குச் சாமியார் வந்து வாசித்தார்.
மின்விசிறிக் காற்றில் தாள் மடங்கி மடங்கி
ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டி வந்தது:
அருட்பணி தனிஸ்லாஸ் அவர்கள்
மறு அறிவிப்பு வரும் வரை
பொதுவில் திருப்பலி நிறைவேற்றலாகாது.

கெபி கட்ட வசூலித்தது நாலு லட்சத்துச் சொச்சம்.
எழும்பியது அடித்தளம் மட்டும். அதில் ஆடு படுத்திருக்கும்.
புகார்க் கடிதத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
சந்தியாகு, இஸ்திரி வண்டி, பெத்தானியாபுரம்.
போட்டது சரிதான்.
இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

ஆனால் அன்று சாயங்காலம்
ராயப்பன் வீட்டுப் பையன்கள் முக்கில் சரவெடி வைத்தார்கள்.
வெடிவாடை போகும்முன்
இன்னொரு கூட்டம் வந்தது,
ஆயரைத் திட்டிப் போஸ்டர் அடிக்க
ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டு.
இரண்டு தரப்புக்கும் முகம் கொடுக்காமல்
பெட்டிக்குள் கரியை ஊதிக்கொண்டே இருந்தேன்.
கண்ணெல்லாம் சாம்பல்.
போன மாதம் விபூதிப் புதனன்று
இதே நெற்றியில் சாம்பல் இட்டது அவர் விரல்.

வண்டியில் அவர் துணி கிடந்தது.
வெள்ளை அங்கி ஒன்று,
நீலக் கட்டம் போட்ட சட்டை இரண்டு,
ஒரு கைலி.
சட்டைக்குப் பத்து மணி என்று
வாய்க்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.
அருள்நிறைந்த மரியே, காலர்.
அருள்நிறைந்த மரியே, கை மடிப்பு.
நடுவில் கோபம் வந்துவிட்டது,
அந்த நாலு லட்சம் ஞாபகம்.
ஏழாவது மணியா எட்டாவதா, மறந்து
முதலிலிருந்து தொடங்கினேன்.

ராத்திரி பின்கதவைத் தட்டினேன்.
வாழைப்பழ அட்டைப்பெட்டியில்
புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.
"அங்கியைச் சக்ரீஸ்தில வச்சிரு.
அது பங்கோட சொத்து.
சட்டை மட்டும் என்னுது."
அப்புறம் கேட்டார்,
"எவ்வளவு பாக்கி?"
"நாப்பது, சாமி."

எண்ணிக் கொடுத்தார். ஒரு பத்து, மிச்சமெல்லாம் சில்லறை.
வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
சொல்லியிருந்தால் அது இன்னொரு தீர்ப்பு.
வாங்கி, அவர் கண் முன்னாலேயே எண்ணி
டவுசர் பையில் போட்டேன்.

"மூணாவது கையெழுத்து நீதான?"
"ஆமா சாமி."
"எழுத்து நல்லா இருந்துச்சு."
அவ்வளவுதான் பேசியது.

விடியலில் பெட்டிகளை என் தள்ளுவண்டியில் ஏற்றி
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை தள்ளினேன்.
நேற்றுக் கரியின் வெதுவெதுப்பு இன்னும் பலகையில்.
வெடி வைத்த பையன்கள் டீக்கடையில் நின்றார்கள்,
ஒருத்தன் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
ரயில்வே கேட் மேடு ஏறக் கை கொடுத்தான்.
கெபிக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த மதலைமேரி
எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை
அவர் கையில் திணித்தாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
காதில் ஈர்க்குச்சி.
வத்தலக்குண்டு பஸ் கிளம்பியது.

அடுத்த ஞாயிறு மன்றாட்டில்
திருத்தந்தைக்கு வேண்டினார்கள், ஆயருக்கு, மழைக்கு,
பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு.
அப்புறம் ஒரு நிமிஷ மௌனம்.
என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்டது:
"தனிஸ்லாஸ் சாமியாருக்காக..."
அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.
மின்விசிறிச் சத்தம்.
பிறகு மூன்று பேர், நாலு பேர்,
ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.
எல்லோரும் முடித்த பிறகு பின்வரிசையில் ஒரு பெண் குரல்,
தனியாக.
திரும்பிப் பார்க்கவில்லை நான்.

வாசலில் ராயப்பன் மடக்கினார்.
"கையெழுத்தும் நீயே போடுவ,
ஜெபமும் நீயே சொல்லுவியா?"
"ஆமா. ரெண்டும் நான்தான்."

புதுச் சாமியார் உயரம்.
அங்கி அவருக்குக் கெண்டைக்கால் வரைதான் வருகிறது.
ஓரத்தை அவிழ்த்து விடலாமா என்று பார்க்கிறேன்.
உள் மடிப்பில் அரை ஜாண் துணி
வெயிலே படாமல்
இன்னும் புதுசாக இருக்கிறது.