வெறும் வண்டியின் எடை

பகாவ் பஜாக் கடையில்
கம்பிவலைக்குப் பின்னிருந்து லியோங் சொன்னது:
பொன்குண்டு இரண்டு, உள்ளே அரக்கு,
கழித்தால் ஒரு கிராமுக்கும் குறைவு.
சிவப்பு மணி இருபத்தேழு.
அதற்குக் கணக்கில்லை.

செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் எனக்கு வேலை.
குலை ஏற்றிய லாரி ஏறும், எண் விழும்.
கொட்டிவிட்டு வெறும் வண்டி ஏறும், எண் விழும்.
முன்னதில் பின்னது போனால் சரக்கு.
பழுக்காததற்கு ஒரு வெட்டு, நீளக் காம்புக்கு ஒரு வெட்டு.
பதினெட்டு வருடமாகக் கழித்தே சாப்பிடுகிறேன்,
ஆனாலும் லியோங் கழித்தது சுட்டது.

சின்னம்மா தனபாக்கியத்தின் கருமாதி முடிந்து
அரிசித் தோம்பைக் கவிழ்த்தபோது
அடியில் ஒரு மைலோ டின்.
அதற்குள் இது. இதைச் சுற்றி
கோடு போட்ட தாளில், மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில்,
ஒரே சொல்:
மூத்தவளது.
தம்பி திருமாறன் என் பக்கம் தள்ளினான்.
"உனக்குத்தானாம்."
பெற்ற மகன் அவன்;
குரலில் ஒரு நீளக் காம்பு இருந்தது.

பவளம் என்றுதான் வீட்டில் பேச்சு.
பவளமென்றால் எலுமிச்சைச் சாற்றுக்கு நுரைக்கும்
என்றாள் கேண்டீன் பூமாதேவி.
ஒரு சொட்டு விட்டோம்.
மணி சும்மா இருந்தது.
கண்ணாடிதான், என்று அவளே தீர்ப்பும் எழுதினாள்.

சனிக்கிழமை இரவுச் சந்தையில்
கல்மோதிரம் விற்கும் பாக் சிடேக்
ஊதிப் பார்த்தார். ஆவி படிந்ததும் ஓடிற்று.
"கண்ணாடி இவ்வளவு சீக்கிரம் மறக்காது."
டார்ச்சை அடியில் பிடித்தார்,
மணிக்குள் மேகம் மேகமாய்ச் செந்தணல்.
அக்கிக் என்றார். சூதுபவளம் என்பதை
அப்புறம் அகராதியில் நான் தேடிக்கொண்டேன்.

துளையைக் காட்டினார்:
இந்தப் பக்கமிருந்து பாதி,
திருப்பிப் பிடித்து அந்தப் பக்கமிருந்து பாதி,
நடுவில் சந்திக்கும்போது ஓர் இழை பிசகு.
"மெஷின் பிசகாது."
இருபத்தேழிலும் பிசகு.
ஒன்றின் பிசகு இன்னொன்றில் இல்லை.

துளைவாய் தேய்ந்திருக்கிறது, என்றார்,
நாள் தவறாமல் போட்ட கழுத்து.
கோத்த நரம்பு மட்டும் பிந்தியது. தூண்டில் நரம்பு.
மணிக்கு மணி இரட்டை முடிச்சு,
அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.
அது சின்னம்மா கை. சீட்டுக் காசையும்
அப்படித்தான் முந்தானையில் முடிவாள்.

ஆனால் அவள் கழுத்தில்
ஒருநாளும் இதை நான் பார்த்ததில்லை.
தோடு பஜாக்குக்குப் போனது, மூக்குத்தி போனது,
என் ஐந்தாம் படிவப் பரீட்சைக் கட்டணத்துக்கு
வளையல் போய் வரவேயில்லை.
இது போகவில்லை.

வீட்டில் அம்மாவின் பழைய அடையாள அட்டை.
கறுப்பு வெள்ளை. எனக்கு இரண்டு வயதில் போன முகம்.
ரவிக்கை விளிம்புக்கு மேல் புள்ளிப் புள்ளியாய் ஒரு கோடு.
பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன்:
ஏழு உருண்டை. எட்டாவது வெளிறியது.
பொன்குண்டாக இருக்கலாம்,
அட்டையின் கீறலாகவும் இருக்கலாம்.

மூத்தவளது.
அந்தச் சொல்லை நான்
ஒரு தடவைதான் பாலத்தில் ஏற்றியிருந்தேன்.

மறுநாள் மதியம் வண்டி ஓய்ந்த நேரம்
சங்கிலியைப் பாலத்து இரும்பில் வைத்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் திரைக்கு எதுவும் தெரியாது.
பூஜ்யம், பச்சை எழுத்தில்.

திருமாறன் கூப்பிட்டான். எவ்வளவு தேறும்?
மணிக்குப் பதினெட்டு வெள்ளி சொல்கிறார்கள் என்றேன்.
பொய்யில்லை.
"பெருக்கிச் சொல்லேன்."
உன் அம்மா எப்போதாவது, என்று ஆரம்பித்தேன்,
சாலைத் திருப்பத்தில் ஹாரன் அடித்தது.
வண்டி வருகிறது, பிறகு பேசுகிறேன்.

ஓடிப்போய் எடுத்தேன்.
ஒரு கையில் போன், ஒரு கையில் சீட்டுப் புத்தகம்,
வைக்க இடமில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
ஆலைச் சட்டைக்குள்
மணிகள் சில்லென்றிருந்தன,
அந்த லாரி ஏறி நிற்கும்வரை.